அது என் நம்பராக இருக்கட்டும்

1

எல்லார் வீட்டிலும் பிள்ளைக்குப் பிறந்தநாள் வந்தால் முந்தின வாரம் சட்டை எடுப்பார்கள். எங்கள் வீட்டில் சிறுநீர் எடுப்போம்.

முகம் சுளிக்க வேண்டாம். அம்பாசமுத்திரத்திலிருந்து என் நாத்தனார் எழுதிக் கேட்டிருந்தாள்: "புள்ளைக்குப் பத்து வயசு முடியுதே, கல்கத்தாவுல பிறந்தநாள் எப்படிக் கொண்டாடுவிய, ரசகுல்லா எல்லாம் உண்டா?" அவளுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். அது நீண்டு நீண்டு அவளுக்கு மட்டும் எழுதுகிற அளவைத் தாண்டிவிட்டது. ஆகவே ஊரில் இருக்கிற எல்லாருக்குமாக எழுதுகிறேன்.

கல்கத்தா வெளிநாடு இல்லை என்று எனக்கும் தெரியும். இங்கே வர பாஸ்போர்ட் கேட்பதில்லை. ஆனாலும் என் அம்மா தெருவில் விசாரிக்கிறவர்களிடம் "மக கடல் தாண்டிப் போயிட்டா" என்றுதான் சொல்லுவாள். கடல் இல்லையம்மா, ஹூக்ளி ஆறு என்றால், "அதுவும் தண்ணிதானட்டி" என்பாள். இப்போது யோசித்தால் அவள் சொன்னதில் தப்பே இல்லை. நமக்கு ஒரு கஷ்டம் வந்து, அதைச் சொந்தப் பாஷையில் சொல்லி அழ ஆள் இல்லாத இடம் எதுவோ, அதுதான் வெளிநாடு.

நாங்கள் இருப்பது பெஹாலாவில், ஒரு மூன்று மாடி வீட்டின் நடு மாடியில். என் வீட்டுக்காரர் சண்முகத்துக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஹவுராவில், ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் வேலை. எங்களுக்கு ஒரே மகள். பள்ளிக்கூடத்தில் அவள் பெயர் ஆவுடையம்மாள். இந்தத் தெருவில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. புச்கி என்று கேட்டால் மீன்காரர்கூட எங்கள் வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார். புச்கி என்றால் வங்காளியில் பொடிசு.

வருஷா வருஷம் அவள் பிறந்தநாளுக்கு முன்னால் ஒரு காலையில் மூன்று பேரும் பவானிபூர் போவோம். லேபில் ரத்தமும் சிறுநீரும் கொடுப்போம். பிறகு கோஷ் டாக்டரிடம் போய்ப் பிரஷர் பார்ப்போம். அவர்தான் அவள் பிறந்தபோது குறைமாதக் குழந்தைகள் வார்டில் அவளைப் பார்த்தவர். அது முடிந்ததும் முனையிலுள்ள கடையில் கொச்சூரி என்கிற இந்த ஊர்ப் பூரியும் உருளைக்கிழங்குக் குழம்பும் தின்போம். இத்தனை வருஷமாக அது எங்களுக்கு ஒரு சின்னத் திருவிழா மாதிரி. ரிப்போர்ட் வரும், டாக்டர் "வெரி குட், புச்கி" என்பார், நாங்கள் திரும்பி வருவோம்.

இந்தத் தடவை அவர் வெரி குட் சொல்லவில்லை. பிரஷர் வயதுக்கு மேலே இருந்தது. இரண்டாம் தடவை பார்த்தார், அப்படியேதான் இருந்தது. சிறுநீரில் புரதம் போகிறது. அவர் ரிப்போர்ட்டை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "கோமதி, இந்தத் தடவை உன் ரத்தமும் எனக்கு வேணும்" என்றார்.

அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்று சொல்ல, பத்து வருஷம் பின்னால் போகவேண்டும்.

2

நம் பக்கம் தலைப்பிரசவம் பிறந்த வீட்டில்தானே. ஏழாம் மாதம் வளைகாப்பு, அதற்காகவே கோரமண்டல் எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுத்து வைத்திருந்தது. எனக்குக் கீழ் பெர்த் கிடைத்ததை என் வீட்டுக்காரர் ஏதோ போரில் ஜெயித்ததுபோல ஆபீஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆறாம் மாதத்திலேயே கால் வீங்க ஆரம்பித்தது. மழைக்காலம், இந்த ஊர்த் தண்ணீர் என்று நினைத்தேன். கீழ்வீட்டு ரீத்தாதி, நம் வழக்கில் ரீத்தா அக்கா, என் காலைப் பெருவிரலால் அமுக்கிப் பார்த்தார். குழி விழுந்து அப்படியே நின்றது. "இது ஜலத்தால் வந்ததில்லை, டாக்டரிடம் போ" என்று சொன்னார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், மூன்று பெற்றவர். நான் கேட்கவில்லை. ஊருக்குப் போய் அம்மா கையால் பார்லிக் கஞ்சி குடித்தால் வடிந்துவிடும் என்று இருந்தேன்.

ஒரு மத்தியானம் தலைவலி மண்டையைப் பிளந்தது. கண் முன்னால் மின்மினி பறந்தது. ரீத்தாதிதான் ரிக்‌ஷா வைத்துப் பக்கத்து நர்ஸிங் ஹோமுக்குக் கொண்டுபோனார். பிரஷர் எங்கேயோ இருந்தது. குழந்தையை வெளியே எடுக்காவிட்டால் இரண்டு உயிரும் போய்விடும் என்றார்கள். வளைகாப்பு இல்லை, ரயில் இல்லை, அம்மா இல்லை. ஏழாம் மாதத்தின் வாசலில் நிற்கிற குழந்தையை வயிற்றைக் கீறி எடுத்தார்கள். ஒரு கிலோகூட இல்லை. நான் மயக்கம் தெளிவதற்குள் அவளை வேறொரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அங்கேதான் மூச்சு மெஷின் இருந்ததாம்.

நான் ஒரு கட்டிடத்தில், அவள் இன்னொரு கட்டிடத்தில், நடுவில் பாதிக் கல்கத்தா. என் ரத்தத்தை எடுத்து என் கிட்னி எப்படி இருக்கிறது என்று அந்தச் சமயத்தில் யாருமே பார்க்கவில்லை. அந்தச் சின்ன இடத்தில் அதற்கு வசதியும் கிடையாது, உயிர் பிழைத்தவளிடம் அதைக் கேட்கவும் யாருக்கும் தோன்றவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் இதில்தான் வந்து நிற்கிறது.

3

நான் நடக்கிற அளவுக்குத் தேறி அவளைப் பார்க்கப் போனபோது, கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு உரித்த கோழிக்குஞ்சு மாதிரி கிடந்தாள். பெற்றவள் இப்படிச் சொல்லலாமா என்று கேட்காதீர்கள். பெற்றவளுக்கு அப்படித்தான் தெரிந்தது. தோலுக்கு அடியில் நரம்பு ஓடுவது தெரிந்தது. காலில் கட்டியிருந்த சீட்டில் "பேபி ஆஃப் கோமதி" என்று இருந்தது. எங்கள் வழக்கப்படி தீட்டுக் கழியாமல் பெயர் வைக்க முடியாது. வார்டு சிஸ்டருக்கு இது பொறுக்கவில்லை. "பெயரில்லாமல் எப்படிக் கூப்பிடுவது?" என்று அவரே புச்கி என்று வைத்துவிட்டார். ஆக, என் மகளுக்குப் பெயர் வைத்தது அத்தையும் இல்லை, பாட்டியும் இல்லை. பெயர்கூடத் தெரியாத ஒரு வங்காளி நர்ஸ்.

தொடக் கூடாது என்றார்கள். நான் கண்ணாடியை இரண்டு கையாலும் வழித்து, விரல்களை என் நெற்றிப்பொட்டில் வைத்து நெட்டி முறித்தேன். பொலபொலவென்று முறிந்தது. சிஸ்டர் திரும்பிப் பார்த்தார்.

"என்ன செஞ்சீங்க?"

"அவகிட்ட இருக்கிற கெடுதல் எல்லாம் எனக்கு வந்துரும்."

அவர் சிரிக்கவில்லை. "பாலாய் ஷாட்" என்று முணுமுணுத்தார். பிள்ளைகளுக்குத் தீங்கு அண்டக் கூடாது என்று இந்த ஊர்த் தாய்மார் சொல்கிற வார்த்தை அது.

அந்த வார்டில் பிள்ளைகளுக்குக் கட்டுகிற துணியைச் சின்னத் தராசில் நிறுப்பார்கள். காய்ந்த துணியை ஒரு தடவை, நனைந்த பிறகு ஒரு தடவை. வித்தியாசம்தான் குழந்தை பெய்த மூத்திரம். என் வீட்டுக்காரர் தன் பழைய மல்வேட்டிகளைக் கிழித்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் வேட்டி கனத்துத் திரும்பினால் அன்றைக்கு எங்களுக்குத் தீபாவளி.

அந்தச் சந்தோஷத்தையும் கோஷ் டாக்டர் கெடுத்தார். அவர் வங்காளியும் இங்கிலீஷும் கலந்து சொன்னதை எனக்குப் புரிந்த தமிழில் சொல்கிறேன்.

"மூத்திரம் போகுதுன்னு நிம்மதியா இருந்துடாதீங்க. இவ்வளவு சின்னப் பிள்ளைகளுக்குக் கிட்னி அடிபட்டிருந்தாலும் சில சமயம் நிறையவே போகும்."

"அப்போ எப்படித்தான் தெரியும்?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"ரத்தத்துல கிரியாட்டினின்னு ஒண்ணு பார்ப்போம். கிட்னி வெளியே தள்ளவேண்டிய கழிவு அது. கூடியிருந்தா கிட்னி வேலை செய்யலைன்னு அர்த்தம். உங்க குழந்தைக்குக் கூடித்தான் இருக்கு."

நான் ஏதோ கேட்க வாயெடுத்தேன். அவர் கையமர்த்தினார்.

"அவசரப்படாதீங்க. பிறந்த புதுசுல குழந்தை ரத்தத்துல இருக்கிறது குழந்தையோடது இல்லை, தாயோடது. தொப்புள்கொடி வழியா வந்தது. கோமதிக்குப் பிரஷர் இருந்தது, கால் வீங்கியிருந்தது. அவ கிட்னி அப்போ திணறியிருந்தா, இது அவ நம்பர். குழந்தை கிட்னி அடிபட்டிருந்தா, இது குழந்தை நம்பர். ரெண்டும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும்."

"எப்போ பிரிச்சுச் சொல்லுவிய?" என்று கேட்டேன்.

"தாயோடது முழுக்க இறங்கின பிறகு. அதுக்குள்ள அடிபட்டிருந்தா அடிபட்டதுதான்."

ஏன் அவ்வளவு அவசரம் என்றால், அவள் ரத்தத்தில் கிருமி ஏறியிருந்தது. அதற்குக் கொடுக்கிற மருந்து கிட்னியைக் கெடுக்கிற மருந்து. கிட்னி நன்றாக இருந்தால் தாங்கும். ஏற்கெனவே அடிபட்ட கிட்னி என்றால், வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுகிற கதை. மருந்தை நிறுத்தினால் கிருமி அவளைக் கொண்டுபோய்விடும். அந்த ஒரு நம்பர் யாருடையது என்று தெரிந்தால் போதும், வழி தெரிந்துவிடும். தெரியவில்லை. டாக்டரையும் சேர்த்து எங்கள் எல்லாரையும் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டமாதிரி இருந்தது. அவர் ஒளிக்கவில்லை. "தாயோடதுன்னு வச்சுக்கிட்டு மருந்தைக் கொஞ்சம் இடைவெளி விட்டுக் கொடுக்கிறேன். இது ஊகம்தான்" என்று எங்கள் முகத்துக்கு நேரே சொன்னார்.

வெளியே வந்து, தமிழர்கள் கும்பிடுகிற முருகன் கோயிலுக்கு டாக்ஸி பிடித்துப் போனோம். அர்ச்சனைக்குக் குருக்கள் பெயர் கேட்டார். குழந்தைக்குப் பெயர் இல்லையே. "என் பேருக்கே பண்ணுங்க" என்றேன். அவர் கோமதி, ஆயில்ய நட்சத்திரம் என்று சொல்லிக்கொண்டிருக்க, நான் உள்ளே ஒரே ஒரு வரியை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த நம்பர் என்னோடதா இருக்கட்டும். அடிபட்டது என் கிட்னியா இருக்கட்டும், முருகா. எனக்கு வேறு எந்த வேண்டுதலும் தோன்றவில்லை.

4

நம்பர் இறங்கியது. ஒரேயடியாக இல்லை, மாட்டுவண்டி மேட்டிலிருந்து இறங்குவதுபோல முனகி முனகி இறங்கியது. கிருமியும் அடங்கியது. அன்றைக்கு என் வீட்டுக்காரர் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி வந்து சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு, கோமதி. அது உன் நம்பராம்."

"அப்போ நாந்தான் தலைப்பாகையா?"

"பின்ன? இந்த வீட்டுல எனக்கு மேல இருக்கிறது யாரு?"

இரண்டு பேரும் அழுதுகொண்டே சிரித்தோம். அவர் கீழே போய் ரீத்தாதி வீட்டுக்குச் சந்தேஷ் இனிப்பு வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தார்.

உள்ளபடிக்குக் கோஷ் டாக்டர் சொன்னது அதுவல்ல. "தாயோடதா இருக்கலாம். இல்லை, குழந்தைக்குச் சின்னதா அடிபட்டு, மேலோட்டமா ஆறியிருக்கலாம். குறைமாதப் பிள்ளைகளுக்கு எப்படியும் மெதுவாத்தான் இறங்கும். அறுதியிட்டுச் சொல்ல முடியாது. வருஷா வருஷம் பார்த்துக்கிட்டே இருக்கணும்" என்றுதான் சொன்னார். நாங்கள் முதல் வாக்கியத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டோம். மிச்சத்தை அங்கேயே விட்டுவிட்டோம். யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள்.

அதன்பிறகு எங்கள் வீட்டில் அது தீர்ந்துபோன விஷயம். ஊருக்கு வந்தால் மாமியார் ஊர்க்காரர்களிடம், "புள்ளைக்கு ஒண்ணும் இல்ல, எல்லாம் தாய்க்காரி தாங்கிக்கிட்டா" என்பார்கள். மாமியார் வாயால் ஒரு நல்ல வார்த்தை வாங்குவது லேசுப்பட்ட காரியமா? நான் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பேன். என் பிரஷரும் இறங்கிவிட்டது, காலும் வடிந்துவிட்டது. என் கிட்னியைப் பார்க்கவேண்டும் என்று டாக்டர்களுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

5

புச்கி வளர்ந்தாள். எப்படி வளர்ந்தாள் என்றால், வங்காளியாக வளர்ந்தாள்.

மீனை முள்ளோடு வாயில் போட்டு, முள்ளை மட்டும் பூனைபோல வெளியே தள்ளுவாள். நமக்கு அந்த வித்தை இந்த ஜன்மத்தில் வராது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையை வீசிவிட்டு, "அம்மா, தண்ணி சாப்பிடணும்" என்பாள். இங்கே தண்ணீரையும் சாப்பிடத்தான் செய்வார்கள், குடிப்பதில்லை. முதலில் திருத்தினேன். இப்போது நானே ஒருநாள் மாமியாரிடம் போனில், "அத்த, காப்பி சாப்பிட்டியளா?" என்று கேட்டு, "இட்லி சாப்பிட்டேன், காப்பி குடிச்சேன்" என்று வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஊரிலிருந்து அவள் வயதுப் பிள்ளைகள் தமிழில் எழுதுகிற கடிதத்தை அவள் எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் பொறுமை போய், "பாபா, நீங்களே படிங்க" என்று அப்பாவிடம் கொடுத்துவிடுவாள். பத்து வயதுப் பிள்ளை தாய்மொழியில் வந்த கடிதத்தை இன்னொருவர் கண்ணால் படிக்கிறது. கோபித்து என்ன ஆகப்போகிறது? மூச்சு விட்டாலே போதும் என்று கும்பிட்ட பிள்ளையிடம் எந்த மொழியில் மூச்சு விடுகிறாய் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

என்னிடமிருந்து அவள் முழுசாக எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். நெட்டி முறிப்பது. எங்கே வெளியே கிளம்பினாலும் நான் அவள் முகத்தை வழித்து நெட்டி முறிப்பேன். அவளுக்கு அது பெரிய வேடிக்கை. மாடிப்படியில் படுத்திருக்கிற தெருப்பூனையைப் பிடித்து அதன் முகத்தை வழித்து, தன் பொட்டில் விரலை வைத்து முறிப்பாள். "எதுக்குட்டி பூனைக்கு?" என்றால், "அதுக்கும் கெட்டது வரக் கூடாதுல்ல, எனக்கு வந்துரட்டும்" என்பாள். அர்த்தம் தெரிந்துதான் செய்கிறாளா என்று நினைத்துக்கொள்வேன்.

சரி, டாக்டர் அறைக்கு வருகிறேன். புரதம் என்று சொன்னதும் புச்கியை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு வந்தோம்.

"சீக்கிரம் பிறந்த பிள்ளைகளுக்குக் கிட்னியில வடிகட்டி குறைவாத்தான் அமையும்" என்றார் கோஷ் டாக்டர். இப்போது முடி முழுக்க நரைத்துவிட்டது அவருக்கு. "அந்தக் குறைச்சலோட காலத்தை ஓட்டிடலாம். ஆனா அன்னைக்கே அடியும் பட்டிருந்ததுன்னா, மிச்சம் இருக்கிறது பாரம் தாங்காம இப்போ காட்டிக்கொடுக்குதுன்னு அர்த்தம். அப்படியிருந்தா இனிமே நாம ரொம்பக் கவனமா இருக்கணும்."

"இப்பவாச்சும் அன்னைக்கு நடந்ததைக் கண்டுபிடிக்க வழி உண்டா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"வெளிநாட்டுல சில சொட்டு மூத்திரத்தை வச்சே, அடிபட்ட அன்னைக்கே சொல்ல முடியுமான்னு தேடிக்கிட்டிருக்காங்க. இனிமே பிறக்கிற பிள்ளைகளுக்கு ஒருநாள் வரும். பத்து வருஷத்துக்கு முந்தின மூத்திரத்துக்கு நான் எங்கே போறது?"

அவர் நகைச்சுவையாகச் சொல்லவில்லை. நான் கேட்டேன்.

"டாக்டர், அது என் நம்பர்தானே? நீங்கதானே சொன்னிய?"

அவர் ரிப்போர்ட்டை மேசையில் வைத்தார். "அப்படி வச்சுக்கிட்டுத்தான் மருந்து கொடுத்தேன்" என்றார். அப்புறம்தான் என் ரத்தம் வேண்டும் என்றார். "உன் கிட்னியில பழைய பழுது ஏதாவது இருந்தா, அன்னைக்கு உன்னோடதுதான் திணறிச்சு, குழந்தையோடது முழுசா இருந்ததுன்னு நம்ப ஒரு காரணம் கிடைக்கும். இல்லேன்னாலும் அது எதையும் நிரூபிக்காது. அதையும் ஞாபகம் வச்சுக்கோ."

இந்தத் தடவையும் நான் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

6

கம்பெனிச் செலவில் டெஸ்ட் எடுக்க, என் வீட்டுக்காரர் ஆபீஸில் மருத்துவச் சீட்டு வாங்கப் போனார். அங்கே இருக்கிற தாஸ் பாபு, "மனைவிக்கு என்ன கம்ப்ளெயின்ட்?" என்று கேட்டிருக்கிறார். கம்ப்ளெயின்ட் இல்லை என்றால் சீட்டு இல்லை. "கால் வீக்கம்" என்று சொல்லியிருக்கிறார். எப்போதிலிருந்து? "பத்து வருஷத்துக்கு முன்னாடி இருந்தது." தாஸ் பாபு பேனாவை மூடி வைத்துவிட்டாராம். பத்து வருஷத்துக்கு முன்னால் வடிந்த காலுக்கு இன்றைக்கு எந்தக் கம்பெனி சீட்டு கொடுக்கும்? அடுத்த வாரம் வா, பெரிய பாபு வந்ததும் கேட்கலாம் என்றார். சவத்த விடுங்க என்று நாங்களே லேபுக்குப் போய்க் கொடுத்தோம். ரத்தம், சிறுநீர், வயிற்று ஸ்கேன் எல்லாம்.

ரிப்போர்ட் வருகிற வரைக்கும் நான் இருந்த இருப்பை எப்படிச் சொல்ல? காலையில் எழுந்ததும் முதல் வேலையாகக் காலை நீட்டி, பெருவிரலால் அமுக்கிப் பார்ப்பேன். குழி விழுகிறதா? விழாது. சதை உடனே மேலே வந்துவிடும். எனக்கு ஏமாற்றமாக இருக்கும். மாடி ஏறி மூச்சு வாங்கினால் மனசுக்குள் ஒரு நிம்மதி, சாயங்காலம் அசதியாக இருந்தால் ஒரு சந்தோஷம். மனுஷருக்கு நோய் வரக் கூடாது என்று கும்பிடுகிற உலகத்தில், நான் என் உடம்பில் நோய் தேடித் தடவிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டார்.

"என்ன செய்த?"

"கால் வீங்கியிருக்கான்னு பாக்கேன்."

"வீங்கியிருந்தா நல்லதுங்கியா?"

அவர் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"உனக்குக் கிறுக்கா கோமதி? உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா அவள யாரு பாப்பா?"

"நீங்க பாப்பிய."

அவர் என்னைப் பார்க்காமலே சொன்னார். "படகுல வரும்போது ஆத்தப் பாத்து நானும் அதத்தான் கும்பிட்டேன். உன் ரிப்போர்ட்டு கெட்டுப்போயி வரட்டும்னு. கட்டின பொண்டாட்டிக்கு இப்படிக் கும்பிடுதேனேன்னு அதுக்கப்புறம் சோறு எறங்கல."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு அவர்மேல் கொஞ்சமும் வருத்தம் வரவில்லை. இந்த ஊரில் என் வேண்டுதலை என்னோடு சேர்ந்து கும்பிட இன்னொரு ஆள் இருக்கிறாரே என்றுதான் இருந்தது.

ரீத்தாதியிடமும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் மாவு பிசைந்த கையோடு என் தலையைத் தொட்டு, "பாலாய் ஷாட்" என்று மட்டும் சொன்னார். எனக்குச் சொன்னாரா, புச்கிக்குச் சொன்னாரா என்று தெரியவில்லை.

7

நேற்று சாயங்காலம் ரிப்போர்ட் வாங்கப் போனோம். லேபில் இருக்கிற பெண்ணுக்கு எங்களை வருஷக்கணக்காகத் தெரியும். உறையை நீட்டும்போதே முகமெல்லாம் சிரிப்பு.

"ஷொப் நொர்மால், போவ்தி. எல்லாமே நல்லா இருக்கு, அண்ணி. எங்களுக்கு மிஷ்டி எங்கே, இனிப்பு?"

என் வீட்டுக்காரர் அங்கே இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெண் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தது. சந்தோஷத்தில் சிலருக்கு இப்படி ஆகும் என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது. நான் அவளுக்கு நன்றி சொன்னேன். வேறு என்ன சொல்லுவது?

கோஷ் டாக்டர் தாளை விளக்குப் பக்கம் திருப்பி இரண்டு தடவை படித்தார். கிரியாட்டினின் சரி. சிறுநீர் சுத்தம். ஸ்கேனில் இரண்டு கிட்னியும் இருக்கவேண்டிய அளவில், இருக்கவேண்டிய வடிவத்தில்.

"உன்னோடது சின்னப் பொண்ணு கிட்னி மாதிரி இருக்கு, கோமதி" என்றார். அவர் குரலில் சந்தோஷம் இல்லை. தலைப்பாகையில் ஒரு கிழிசல்கூட இல்லை.

"அன்னைக்குத் திணறிட்டு, அப்புறம் முழுசா ஆறியிருக்கலாம். பிரசவத்தோட வர்ற பிரஷர்ல அப்படியும் நடக்கும். நான் முன்னமே சொன்னேனே, இது எதையும் நிரூபிக்காது" என்றார். ஆறியிருக்கலாம். அந்த ஒரு சொல்லைத்தான் கொடுத்தனுப்பினார். புச்கிக்கு ஒரு மாத்திரை எழுதினார். எவ்வளவு நாளைக்கு என்று கேட்டேன். "பார்த்துக்கிட்டே போகலாம்" என்றார். முன்னே அதைக் காதில் வாங்காமல் விட்டுவிட்டு வந்தவள், இந்தத் தடவை முழுசாகக் கேட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தால், மாடிப்படியில் பூனையை மடியில் வைத்துக்கொண்டு புச்கி உட்கார்ந்திருந்தாள். அம்மாவுக்கும் இந்தத் தடவை டெஸ்ட் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். எதற்கு என்று தெரியாது. எங்களைப் பார்த்ததும் எழுந்தாள். பூனை குதித்து ஓடியது.

"மா, பாஸா?"

அவள் அப்பாதான் எப்படியோ சிரித்துக்கொண்டு சொன்னார். "உங்கம்மா பாஸ்ட்டி. ஃபர்ஸ்ட் கிளாஸ்."

அவள் இரண்டு படி கீழே இறங்கி வந்து, என் உயரத்துக்கு நின்றாள். கண்ணெல்லாம் சிரிப்பு. "இனிமேயும் அம்மாவுக்கு ஒண்ணும் வரக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே, என் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்தாள். விரல்களை மடக்கித் தன் நெற்றிப்பொட்டுக்குக் கொண்டுபோனாள்.

நான் அவள் கைகளை எட்டிப் பிடித்துவிட்டேன்.

"வலிக்குதும்மா, விடு" என்றாள். நான் விடவில்லை.